ஒரு தேங்காயும் இரண்டு தவளைகளும்

வணக்கம் நேயர்களே. போன கிழமை வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடக்கப் போனேன். கையில் மரக்கறிப் பை. மஞ்சள் கடவையில் இரண்டு அடி வைத்திருப்பேன், ஒரு தனியார் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. கால் தானாகப் பின்னுக்கு வந்துவிட்டது. "ஐயோ, பஸ்" என்று நான் நினைத்ததே அதற்குப் பிறகுதான். பையிலிருந்த தேங்காய் உருண்டு ஒரு கடை வாசலில் போய் நின்றது. கடைக்காரர் அதை எடுத்துத் தந்து, "ரீச்சர், கை நடுங்குது, இருந்து ஒரு சோடா குடியுங்கோ" என்றார். பஸ் இரண்டு தரிப்பிடம் தாண்டியிருக்கும். என் நெஞ்சு மட்டும் இன்னும் படபடத்துக்கொண்டிருந்தது.

காலை இழுத்தது நரம்பு. நம் உடம்பின் வேகமான நரம்புகளில் செய்தி செக்கனுக்கு 100 மீற்றருக்கு மேல் ஓடும். நினைப்பு வந்து சேரும்வரை அது காத்திருப்பதில்லை. சோடா குடிக்கும்போதும் நெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தது அதிரனலின் என்ற ஓமோன். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி இரண்டு சுரப்பிகள் உண்டு, அங்கிருந்து இரத்தத்தில் இறங்குகிறது. சும்மா இருக்கும்போது இரத்தம் உடம்பை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய ஒரு நிமிடம் பிடிக்கும். மெதுவாகத்தான் போகும், ஆனால் எல்லா இடமும் போகும்.

எல்லா இடமும் போனால் எல்லாரும் கேட்பார்களா? வானொலியில் மரண அறிவித்தல் போகிறதே, அதை நினைத்துப் பாருங்கள். எல்லா வீட்டிலும் ஒலிக்கும். சொந்தக்காரர்தான் எழும்புவார். அதிலும் ஒருவர் வெள்ளை வேட்டியைத் தேடுவார், இன்னொருவர் கனடாவுக்குப் போன் எடுப்பார். ஓமோனும் அப்படித்தான். அதைப் பிடித்துக்கொள்ளும் புரதத்துக்கு 'வாங்கி' என்று பெயர். அந்த வாங்கி உள்ள கலத்துக்கு மட்டுமே அது செய்தி. அதே அதிரனலினைக் கேட்டு இதயம் வேகமாக அடிக்கும், ஈரல் சீனியை இரத்தத்தில் விடும், குடல் தன் வேலையைக் குறைக்கும். ஒரே அறிவித்தல், வீட்டுக்கு வீடு வேறு வேலை.

முப்பது வருடம் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பித்தவள் நான். உடம்பின் பாகங்களை ஒன்றோடொன்று இணங்கி வேலை செய்ய வைப்பதுதான் இயைபாக்கம். பரீட்சைக் கேள்வி இப்படி வரும்: நரம்பு இயைபாக்கம், ஓமோன் இயைபாக்கம், வேறுபாடு தருக. நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் "மின்", வலப்பக்கம் "இரசாயனம்". எத்தனை ஆயிரம் தாள் திருத்தினேனோ! புள்ளியும் போட்டேன். ஆனால் அந்த நடுக்கோட்டோடு எனக்கு இன்றைக்கும் சண்டைதான்.

இந்த இடத்தில் ஒட்டோ லோவி என்ற விஞ்ஞானியின் கதையைச் சொல்லாமல் எனக்கு விடியாது. என்னிடம் படித்த பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தால் இப்போது சிரிப்பார்கள். ஒஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம், 1921. ஓர் இரவு அவருக்குக் கனவில் ஒரு பரிசோதனை தோன்றுகிறது. எழும்பி ஒரு துண்டில் குறித்துவிட்டுப் படுக்கிறார். காலையில் பார்த்தால் தன் கையெழுத்து தனக்கே விளங்கவில்லை! டொக்டர்மாரின் எழுத்து அங்கேயும் அப்படித்தான் போலிருக்கிறது. அடுத்த இரவு மூன்று மணிக்கு அதே எண்ணம் திரும்பி வருகிறது. இந்த முறை மனுசன் எழுதவில்லை, நேரே ஆய்வுகூடத்துக்கே போய்விட்டார்.

இரண்டு தவளை இதயங்கள். உப்புநீரில் இரண்டும் துடித்துக்கொண்டிருக்கின்றன. முதலாவதில் வேகஸ் நரம்பு, அதாவது மூளையிலிருந்து இதயத்துக்கு வருகிற நரம்பு, உண்டு, இரண்டாவதில் நரம்பே இல்லை. முதலாவதின் நரம்பைத் தூண்ட, துடிப்பு மந்தமானது. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த இதயத்திலிருந்த நீரை எடுத்து இரண்டாவதுக்கு விட்டார். அதுவும் மந்தமானது! நரம்பு ஏதோ ஒரு பொருளை நீரில் கக்கியிருக்கிறது. மின்னாக ஓடிவருகிற நரம்பு, முனைக்கு வந்ததும் இரசாயனமாகப் பேசுகிறது. பின்னர் அது அசற்றைல்கோலின் என்று தெரியவந்தது. 1936இல் நோபல் பரிசும் கிடைத்தது. இரண்டு வருடத்தில் ஹிட்லரின் நாசிக் கட்சிக்காரர் அவரைச் சிறையில் போட்டு, பரிசுப் பணத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். அது வேறு கதை.

சிறுநீரகத் தலையில் இருக்கிற அந்தத் தொப்பிச் சுரப்பிகளில், அதிரனலின் சுரக்கும் உட்பகுதியையே பாருங்கள். கருவில் நரம்புக் கலங்கள் வருகிற அதே கூட்டத்திலிருந்து வந்தது அது. இன்றும் நரம்பு சொன்னால்தான் சுரக்கும். இதைக் கோட்டின் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

அப்புறம் இன்சுலின்... அதற்கென்று மூன்று பக்கம் எழுதி வந்திருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் இரண்டு விரல் காட்டுகிறார். சரி, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டபின் இரத்தத்தில் சீனி ஏற, சதையி இன்சுலினைச் சுரக்கிறது என்பது நீங்கள் அறிந்ததே. ஆனால் குழம்பு தாளிக்கிற வாசம் மூக்கில் ஏறி, முதல் கவளம் நாக்கில் பட்டதுமே, சீனி இரத்தத்துக்கு வருமுன்பே, கொஞ்சம் இன்சுலின் புறப்பட்டுவிடும். சதையிக்கு அந்தத் தகவலைக் கொண்டுபோவது யார் தெரியுமா? லோவியின் தவளையில் இருந்தாரே, அதே வேகஸ் நரம்பு. மண்டையோட்டின் அடியிலிருந்து நெஞ்சு வழியே வயிறுவரை...

ஒரு விரல் காட்டிவிட்டார். வணக்கம் நேயர்களே.