வலியே சாட்சி என்றால் அதையும் விசாரிப்போம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எது நிஜம் என்று நமக்குச் சொல்வது வெளியே இருக்கும் உலகமா, நம் மூளையா? மூளைதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் மேசையை ஓங்கித் தட்டி, "வலிக்கிறது, ஆகவே மேசை நிஜம்" என்றார். கைதட்டலும் வாங்கினார். சரி, வலியையே எடுத்துக்கொள்வோம். கையை இழந்த பலருக்கு அந்த இல்லாத கை வலிக்கிறது. விரல்கள் இறுக மடங்கி உள்ளங்கையில் நகம் குத்துகிறது என்று துடிப்பவர்கள் உண்டு. நகமும் இல்லை, உள்ளங்கையும் இல்லை. வலி மட்டும் இருக்கிறது!

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் கலிபோர்னியாவில் இதற்கு ஒரு வழி கண்டார். ஒரு பெட்டி, அதற்குள் நிற்கவைத்த ஒரு சாதாரணக் கண்ணாடி, அவ்வளவுதான். இருக்கும் கையைக் கண்ணாடி முன் நீட்டினால், இழந்த கை இருந்த இடத்தில் பிம்பம் தெரியும். இந்தக் கையை விரித்தால் அந்தக் கையும் விரியும். சிலருக்கு அப்போதே இறுக்கம் தளர்ந்தது. எல்லோருக்கும் பலிக்கவில்லை, நான் சொல்லாவிட்டால் எதிரணி சொல்லும். பலித்தவர்களுக்கு மருந்து எது? ஒரு பிம்பம்.

"அது நோயாளிகள் கதை" என்பார்களா? அப்படியானால் எல்லோரும் இடது கண்ணை மூடுங்கள். கைகளை நீட்டி, கட்டைவிரல்களை அருகருகே நிறுத்துங்கள். இடது கட்டைவிரலையே பார்த்தபடி வலதை மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். சுமார் ஒரு சாண் தூரத்தில் அதன் நுனி காணாமல் போகும். அப்போது அந்த நுனியின் பிம்பம், பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் விழுகிறது; அங்கே ஒளியை உணரும் செல்களே இல்லை. ஆனால் ஓட்டை தெரிகிறதா? இல்லை. சுற்றியிருப்பதை வைத்து மூளை ஒட்டுப்போட்டுவிடுகிறது.

மேசை வெளியே இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அது நம்மிடம் வந்து சேரும் வழியைத்தான் கேட்கிறேன். ஒரே உடையைச் சிலர் நீலமும் கறுப்பும் என்றும், சிலர் வெள்ளையும் தங்கமும் என்றும் கண்டு, 2015இல் இணையத்தையே இரண்டாக்கிய அந்தப் படம் நினைவிருக்கும். உண்மையில் உடை நீலமும் கறுப்பும். நிழலில் எடுத்த படம் என்று ஊகித்த மூளைகள் அந்த நிழலின் நீலச் சாயலைக் கழித்துவிட்டு வெள்ளையும் தங்கமும் காட்டின. உண்மை நிறம் தெரிந்த பிறகும் பலருக்கு அது வெள்ளையாகவே தெரிந்தது. உலகம்தான் முடிவு செய்கிறது என்றால், தெரிந்த பிறகாவது மாறியிருக்க வேண்டாமா? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேசையைத் தட்டட்டும்.