இயக்குநர் யார் என்று கேளுங்கள்

(அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் படைப்புகளின் ரசிகர்கள் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

நாம் ஒருவருக்கொருவர் அனிமே பரிந்துரைக்கும் விதத்தில் எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆர்வத்தோடு ஒருவர் வந்து "எதில் தொடங்கலாம்?" என்று கேட்கிறார். நாம் உடனே 'ஒன் பீஸ்' என்கிறோம். 1999இல் தொடங்கிய தொடர் அது; 2021லேயே ஆயிரம் எபிசோடைத் தாண்டிவிட்டது. கேட்டவர் மலைத்துப்போய் நிற்கிறார். "கவலைப்படாதே, முதல் ஐம்பதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துவிடு, பிறகு சூடு பிடிக்கும்" என்று தைரியம் சொல்கிறோம். ஐம்பது எபிசோடு என்றால் ஏறக்குறைய இருபது மணி நேரம். அவ்வளவு நேரம் பல்லைக் கடிக்கச் சொல்வதற்குப் பெயர் பரிந்துரையா? 'ஒன் பீஸ்' எனக்கும் பிடிக்கும். சண்டை அதனோடு அல்ல, நம்மோடு.

சினிமா என்று வந்தால் நாம் இப்படிப் பேசுவதில்லை. டீக்கடையில் நிற்கிறவர்கூட "யார் படம்?" என்றுதான் முதலில் கேட்பார். பாலசந்தர் படம், மகேந்திரன் படம் என்று சொன்னாலே பாதி விஷயம் விளங்கிவிடும். அனிமேவுக்கு வந்தவுடன் அந்தப் பழக்கம் எங்கோ போய்விடுகிறது. எந்த நாயகனுக்குச் சக்தி அதிகம், எந்த ஸ்டுடியோவின் சண்டைக் காட்சி பளபளப்பு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இயக்குநர் என்றால் மியசாக்கி ஒருவர் பெயர்தான் நம் வாயில் வருகிறது. ஆகவே இன்று படப் பட்டியல் எதுவும் தரப் போவதில்லை. மூன்று இயக்குநர்களை அறிமுகப்படுத்துகிறேன். ஒருவரைப் பிடித்துவிட்டால் அவருடைய மற்ற படங்களை நீங்களே தேடிப் போவீர்கள்.

முதலாமவர் இஸாவோ தகாஹாத்தா. மியசாக்கியோடு சேர்ந்து ஜிப்லி ஸ்டுடியோவைக் கட்டியவர். ஓவியர்கள் நிறைந்த அந்தத் தொழிலில் இவர் ஓவியர் அல்லர். பிரெஞ்சு இலக்கியம் படித்துவிட்டு இயக்கத்துக்கு வந்தவர். வரையத் தெரிந்தவர் தன் கைக்கு வசப்பட்ட பாணியிலேயே நின்றுவிடலாம். இவருக்கு அந்தக் கட்டு இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் புதிய கோடு, புதிய வண்ணம் கேட்டு ஓவியர்களைப் பாடாய்ப் படுத்தினார். 2013இல் வந்த கடைசிப் படமான 'தி டேல் ஆஃப் தி பிரின்சஸ் ககுயா'வைப் பாருங்கள். இளவரசி விருந்திலிருந்து வெறிகொண்டு ஓடும் இடத்தில் நீர்வண்ணம் கலைந்து, கரிக்கோடுகள் தாறுமாறாகக் கிழிகின்றன. அவளுடைய கோபத்துக்குத் தனியாக வசனம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானியத் திரையரங்குகளில் ஒரே டிக்கெட்டில் இரண்டு படங்களைக் காட்டினார்கள். ஒன்று மியசாக்கியின் 'மை நெய்பர் டோட்டோரோ'. மற்றொன்று தகாஹாத்தாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்'. ஒன்றில் இரண்டு சிறுமிகள் காட்டுத் தேவதையோடு விளையாடுகிறார்கள். மற்றதில் ஓர் அண்ணனும் தங்கையும் இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் கோபே நகரின் பக்கத்தில் பட்டினியால் சாகிறார்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போன பெற்றோரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்! தகாஹாத்தா ஒன்பது வயதில் ஒக்கயாமா நகரின் மீதான குண்டுவீச்சிலிருந்து உயிர் தப்பியவர். ஆனாலும் இதை வெறும் போர் எதிர்ப்புப் படம் என்று முத்திரை குத்துவதை அவர் ஏற்கவில்லை. அத்தையின் வீட்டைவிட்டு வீறாப்பாக வெளியேறும் அந்தப் பதினான்கு வயது அண்ணனின் பிடிவாதத்தையும் கவனிக்கச் சொன்னார். அந்தக் கண்ணோடு இரண்டாம் முறை பாருங்கள், வேறு படமாகத் தெரியும்.

தகாஹாத்தாவின் படங்களில் ஒன்றே ஒன்று சொல் என்றால், 1991இல் வந்த 'ஒன்லி யெஸ்டர்டே' என்பேன். தாயேகோ என்ற இருபத்தேழு வயதுப் பெண் டோக்கியோ அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு யமகாத்தா கிராமப்புறத்துக்குக் குசும்பப்பூ பறிக்கப் போகிறாள். ஐந்தாம் வகுப்பில் படித்த தாயேகோவும் நினைவுகளாகக் கூடவே வருகிறாள். இவ்வளவுதான் கதை. இதில் ஓர் அன்னாசிப்பழம் வருகிறது. 1966ஆம் ஆண்டு. அப்பா வாங்கி வந்த பழத்தை எப்படிச் சாப்பிடுவது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பழம் அப்படியே காத்துக் கிடக்கிறது. பிறகு அக்கா எங்கோ கேட்டு வந்து சொல்ல, அம்மா அறுக்கிறாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு துண்டு எடுத்துக் கடிக்கிறார்கள். ஒரு நொடி அமைதி. பழம் கடினமாக இருக்கிறது, இனிப்பும் இல்லை. வாழைப்பழமே மேல் என்று ஒவ்வொருவராக நழுவிவிடுகிறார்கள். தாயேகோ மட்டும் மற்றவர்கள் விட்ட துண்டுகளையும் வாங்கிவைத்துக்கொண்டு வீம்புக்கு மென்றுகொண்டிருக்கிறாள். ஏமாற்றத்தை ஒப்புக்கொள்ள மனமில்லாத ஒரு குழந்தையின் தாடையை இவ்வளவு பொறுமையாக வரைந்த வேறு படம் எனக்குத் தெரியாது.

ஜப்பானில் வழக்கமாகப் படத்தை வரைந்த பிறகே குரல் கொடுப்பார்கள். இந்தப் படத்தில் பெரியவளான தாயேகோவின் பகுதிகளுக்குக் குரலை முன்கூட்டியே பதிவுசெய்து, அதற்கேற்ப முகத்தை வரைந்தார்கள். அதனால் அவள் சிரிக்கும்போது கன்னத்துத் தசை மடிந்து கோடு விழுகிறது. இளம்பெண்ணுக்குக் கன்னத்தில் கோடு வரைவது அனிமேவில் யாரும் துணியாத காரியம். சிலருக்கு அது பிடிக்கவில்லை. வயதானவள்போல் இருக்கிறாள் என்கிறார்கள். இருக்கட்டுமே!

இரண்டாமவர் சத்தோஷி கோன். நான்கு முழுநீளப் படங்கள், 'பரனோயா ஏஜென்ட்' என்ற ஒரு தொடர். 2010இல், நாற்பத்தாறு வயதில் போய்விட்டார். பலரும் 'பெர்ஃபெக்ட் ப்ளூ'வை முதலில் கைகாட்டுவார்கள். நல்ல படம்தான். ஆனால் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது போட்டுவிடாதீர்கள். பிறகு என்னைத் திட்டக் கூடாது. 2001இல் வந்த 'மில்லேனியம் ஆக்ட்ரஸ்' எதிலும் குறைந்ததல்ல. நடிப்பை விட்டு ஒதுங்கி வாழும் சியோகோ என்ற பழைய நடிகையைப் பேட்டி காண ஓர் ஆவணப்பட இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் வருகிறார்கள். பழைய ஜப்பானிய இயக்குநர் ஓஸுவின் படங்களில் நடித்துவிட்டுப் பொதுவாழ்விலிருந்தே மறைந்துபோன நடிகை செத்சுகோ ஹராவை அறிந்தவர்களுக்கு இந்தச் சூழல் புதிதாக இராது. சியோகோ தன் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல, பேட்டி எடுக்க வந்தவர்களும் அவளுடைய நினைவுக்குள் புகுந்துவிடுகிறார்கள். இளமையில் ஒருமுறை சந்தித்தவனைத் தேடி அவள் ஓடுகிறாள். அந்த ஒரே ஓட்டத்தில் உடை மாறுகிறது, நூற்றாண்டு மாறுகிறது, குதிரை சைக்கிளாகிறது. எது அவள் வாழ்க்கை, எது அவள் நடித்த படம் என்று பிரிக்க முடியவில்லை. நடிகரைக் கொண்டு எடுத்திருந்தால் ஒவ்வொரு வெட்டிலும் ஒட்டுப் போட்டது தெரிந்திருக்கும்.

மூன்றாமவர் நவோகோ யமதா. 'கே-ஆன்', 'எ சைலன்ட் வாய்ஸ்' பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். இயக்குநரின் பெயரை எத்தனை பேர் கவனித்தீர்கள்? இவருடைய கேமரா அடிக்கடி கால்களுக்குப் போய்விடும். முகம் மறைத்துக்கொள்வதைப் பாதம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது இவருடைய வழி. 2018இல் வந்த 'லிஸ் அண்ட் தி ப்ளூ பேர்ட்' படத்தின் தொடக்கத்தில் இரண்டு பள்ளித் தோழிகள் இசை அறைக்கு நடந்து போகிறார்கள். ஒருத்தி துள்ளலாக முன்னே. மற்றவள் சற்றுப் பின்னே. பெரிதாக எதுவும் நடப்பதில்லை. காலடி ஓசையும் கென்சுகே உஷியோவின் இசையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பின்னால் வருகிறவளின் நடையில் இருக்கும் தயக்கம்தான் படம் முழுக்க வரப்போகும் கதை. ஹெட்ஃபோன் இல்லாமல் இந்தப் படத்தைப் பார்க்காதீர்கள்.

2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' என்ற அனிமே படம் தமிழ்க் குரலோடு இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்தக் கூட்டத்தில் பத்தில் ஒருவராவது அடுத்ததாக ஒரு தகாஹாத்தா படத்தைத் தேடினால் இன்னும் மகிழ்வேன்.

தொடர் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஹிரோஷி நகஹாமா இயக்கி 2005இல் தொடங்கிய 'முஷிஷி', 26 எபிசோடு. கிங்கோ என்ற நாடோடி முதுகில் மரப்பெட்டியோடு ஊர் ஊராகப் போகிறான். முஷி எனப்படும் விசித்திர உயிர்களால் அவதிப்படுவோருக்குத் தன்னால் இயன்றதைச் செய்கிறான். சில சமயம் இயலாமலும் போகிறது. முதல் எபிசோடில், இடக்கையால் வரைவதெல்லாம் உயிர் பெற்றுவிடும் ஒரு சிறுவன் வருகிறான். ஒவ்வொரு கதையும் தனித்தனி. எங்கே தொடங்கினாலும் சரி. ஓர் இரவுக்கு ஒன்றுக்கு மேல் பார்க்காதீர்கள். 'முஷிஷி' தூக்கம் வரவழைக்கிறது என்று சொல்கிறவர்களும் இந்த அரங்கில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கேள்வி நேரத்தில் மைக்கை முதலில் அவர்களிடம் கொடுங்கள்.