மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

சரிந்துகொண்டிருக்கும் கால்பந்து அணியை அடியோடு கலைத்துவிட்டு முதலிலிருந்து கட்ட வேண்டும் என்று எதிரணித் தலைவர் பேசி அமர்ந்திருக்கிறார். அவர் கையில் எடுத்த ஆயுதம் ஜெர்மனி. ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையில் 2000இல் அதற்கு மூன்று ஆட்டம், ஒரே கோல், ஒரே புள்ளி, பிரிவில் கடைசி இடம். அதன் பிறகு எல்லாவற்றையும் இடித்துக் கட்டினார்கள், 2014இல் உலகக் கோப்பை கைக்கு வந்தது என்றார். கைதட்டலும் வாங்கினார். சரி, நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஜெர்மனி எதை இடித்தது? பயிற்சியாளர் போனார். 39 வயது லோதர் மத்தேயுஸ் விடைபெற்றார். பெரிய கிளப்புகள் எல்லாம் இளையோர் பயிற்சிக்கூடம் நடத்தியே ஆக வேண்டும் என்று விதி வந்தது. அது நாற்றங்கால் போடுகிற வேலை நடுவர் அவர்களே! நாற்று வளர்கிறது என்பதற்காக நிற்கிற பயிரை அவர்கள் உழுதுபோடவில்லை. 2000இல் கோல்கீப்பராக நின்ற அதே ஆலிவர் கான்தான் இரண்டே ஆண்டில் கேப்டனாக அணியை உலகக் கோப்பை இறுதிப் போட்டிவரை அழைத்துப்போனார். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அந்த 2002 தொடரில் ஐந்து கோல் அடித்த இளைஞர் மிரோஸ்லாவ் குளோசே. 2014இல் பிரேசிலை 7-1 என்று சாய்த்தார்களே, அன்று அதே குளோசே 36 வயதில் களத்தில் இருந்தார், தன் 16ஆவது உலகக் கோப்பை கோலையும் அடித்தார். அடியோடு கலைத்திருந்தால் இந்தச் சங்கிலித் தொடர்ச்சி எங்கிருந்து வந்திருக்கும்?

ஓர் அணி என்பது பதினொரு பேரின் பட்டியல் என்று நினைப்பதால்தான் கலைக்கச் சொல்கிறார்கள். தடுப்பு வரிசையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். நான்கு பேர் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். எதிரணியில் ஒருவர் பந்தை உதைக்கக் காலைத் தூக்கும் அந்த நொடியில் நால்வரும் ஓரடி முன்னே ஏற வேண்டும். ஏறினால், அவர்களைத் தாண்டி நிற்கும் எதிரணிக்காரர் ஆஃப்சைடு, அந்தத் தாக்குதல் செல்லாது. ஒருவர் மட்டும் அரையடி பின்தங்கினாலும் எதிரணிக்காரர் கோல்கீப்பர் முன்னால் தனியாக நிற்பார். அந்த "ஏறு" என்ற குரல் எப்போது வர வேண்டும் என்பதைப் பலகையில் எழுதிச் சொல்லித்தர முடியாது. பக்கத்தில் நின்று, தப்பு செய்து, திட்டு வாங்கித்தான் இளம் ஆட்டக்காரர் அதைக் கற்றுக்கொள்கிறார். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டால் பக்கத்தில் நிற்க யார் இருக்கிறார்கள்?

இத்தாலியைப் பாருங்கள். நவம்பர் 2017, மிலன் நகரம். ஸ்வீடனிடம் வாய்ப்பைப் பறிகொடுத்து, 60 ஆண்டில் முதல் முறையாக உலகக் கோப்பைக்குப் போக முடியாமல் நின்றார்கள். கோல்கீப்பர் பஃபோன் அழுததைப் பார்த்த யாரும் மறக்க மாட்டார்கள். அன்றைய தடுப்பு வரிசையில் இருந்தவர்கள் கியெல்லினி, பொனூச்சி. கிழடுகளைத் துரத்துங்கள் என்று சொல்ல அதைவிட நல்ல நாள் கிடைக்குமா? அடுத்து வந்த பயிற்சியாளர் மான்சினி இளைஞர்களைத் தாராளமாகச் சேர்த்தார், ஆனால் இந்த இருவரையும் வைத்துக்கொண்டார். 2021இல் லண்டனின் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தை வென்ற யூரோ இறுதிப் போட்டியில் கியெல்லினிக்கு 36, பொனூச்சிக்கு 34. சமன் செய்த கோல் பொனூச்சியுடையது. அவர்களுக்குப் பின்னால் நின்று பெனால்டிகளில் இரண்டைத் தடுத்தவர் 22 வயது டொன்னாரும்மா. எனக்கு இதைவிட அழகான காட்சி கால்பந்தில் இல்லை.

2022 உலகக் கோப்பைக்கும் அவர்கள் போகவில்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான், வலிக்கிற உண்மை. வட மாசிடோனியாவுக்கு எதிராக ஆட்டம் முழுக்க முட்டி மோதியும் பந்து வலைக்குள் போகவில்லை. 90 நிமிடம் முடிந்து கூட்டித் தரும் இஞ்சுரி டைமில் ஒரு கோல் வாங்கித் தோற்றார்கள். ஓட்டை முன்களத்தில். அங்கே ஆள் தேடுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன்.

இந்த "மொத்தமாகக் கலை" என்ற யோசனைக்கு அமெரிக்கக் கூடைப்பந்தில் ஒரு நியாயம் உண்டு. 2015-16இல் பிலடெல்பியா அணி 82 ஆட்டத்தில் 72 தோற்றது. அங்கே தோற்பவருக்குப் புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை, கீழ்ப்பிரிவு என்ற பள்ளமும் கிடையாது. கால்பந்து லீக்குகளில் கடைசி இடத்துக்குப் பரிசு கீழ்ப்பிரிவுதான். இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் கிளப் 2004இல் அந்தப் பள்ளத்தில் விழுந்தது. ஏறி வர 16 ஆண்டு ஆனது!

எப்படி ஏறியது தெரியுமா? 2018இல் பயிற்சியாளராக மார்செலோ பியெல்சா வந்தபோது அது இரண்டாம் பிரிவில் 13ஆவது இடத்தில் முடித்திருந்த அணி. பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள்தான். ஓட வைத்தார், இடம் மாற்றினார். கால்வின் பிலிப்ஸை நடுக்களத்திலேயே கொஞ்சம் பின்னே இறக்கித் தடுப்பு வரிசைக்கு முன்னால் நிறுத்தினார். முதல் பருவம் மூன்றாம் இடம், அடுத்த பருவம் முதலிடம். நான் சொன்ன அந்த வெம்பிளி இறுதிப் போட்டியில் இங்கிலாந்தின் நடுக்களத்தில் ஆடியவர் இதே பிலிப்ஸ். கலைத்திருந்தால் முதல் வாரமே வெளியே போயிருப்பார்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே கேள்வி. நான்கு புது ஆட்களைக் கோட்டில் நிறுத்திவிட்டீர்கள். ஒருவரை ஒருவர் பார்த்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எதிரணிக்காரர் பந்தை உதைக்கக் காலைத் தூக்குகிறார். "ஏறு" என்று குரல் கொடுப்பது யார்?