பேரன் உயர்வது தாத்தாவாலே! – பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பேரப்பிள்ளைகளை உயர்த்துவது சொந்த முயற்சிதான் என்று முழங்கிய எதிரணித் தலைவி, எங்களைப் பார்த்து, "இவர்கள் தாத்தாவின் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு பேசுகிறார்கள்" என்றார். கைதட்டலும் வாங்கிக்கொண்டார்.

அம்மா, என் தாத்தாவுக்குச் சாய்வு நாற்காலி ஏது? திண்ணையில் உட்காருவதற்குக்கூட அது யார் வீட்டுத் திண்ணை என்று பார்த்துத்தான் அவர் உட்கார வேண்டும். தாத்தா என்றதும் உங்களுக்குச் சாய்வு நாற்காலி நினைவுக்கு வருகிறதே, அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள்! நாற்காலி இருந்தால் அதைப் போடக் கூடம் இருந்திருக்கும். கூடம் இருந்தால் பட்டா இருந்திருக்கும். பட்டா இருந்தால் வங்கி மேலாளர் உங்கள் அப்பாவை "உட்காருங்கள் சார்" என்றிருப்பார். என் அப்பாவை "அப்புறம் வாருங்கள்" என்றார்!

இது அரசாங்கத்துக்கே தெரியும் ஐயா. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறதல்லவா? அதற்கான சான்றிதழுக்குப் பெற்றோர் படிப்போடு விடுவதில்லை, தாத்தா பாட்டியின் படிப்பையும் கேட்கிறார்கள். எங்கள் தெருப் பெண்ணுக்காகக் குடும்பமே போய் நின்றது. "தாத்தா பட்டதாரியா?" என்றார் கிராம நிர்வாக அலுவலர். சுற்றிலும் ஊர்க்காரர்கள். தாத்தா நிமிர்ந்தார். "எழுதிக்கொள்ளுங்கள். எம்.ஏ."

மருமகள் அலறிவிட்டார். "நம்பாதீர்கள் சார்! மாமாவுக்கு எழுத்துக் கூட்டக்கூட வராது!" தாத்தா முறைக்கிறார். "பஸ்ஸில் போட்டிருக்கும் ஊர்ப் பெயரை நான் படித்துச் சொன்னால்தான் ஏறுவார்!" கல்யாணமான நாளிலிருந்து மனத்தில் பூட்டி வைத்ததையெல்லாம் மாமனார் எதிரிலேயே அரசுப் பதிவேட்டில் ஏற்றிவிட்டார் அந்த அம்மா. "எந்தக் கல்லூரி?" என்றார் அலுவலர். தாத்தா அசரவில்லை. "பெயர் இங்கிலீஷில் இருந்தது. மறந்துவிட்டது."

சிரித்தாகிவிட்டதா? 2018இல் ஓ.இ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பின் அறிக்கை ஒன்று வந்தது. ஏழைக் குடும்பம் சராசரி வருமானத்தைத் தொட டென்மார்க்கில் 2 தலைமுறை ஆகுமாம். இந்தியாவில் 7. முயற்சி, முயற்சி என்கிறாரே, அந்த ஏழு தலைமுறையும் தூங்கிக்கொண்டா இருந்தது?

நடுவர் மணியடிக்கிறார். ஒரு நிமிடம் ஐயா. சான்றிதழ் கிடைத்தது. பேத்தி அதைப் படித்துக் காட்டினாள். குடும்பத்தில் பட்டதாரி யாரும் இல்லை என்ற இடத்தில் தாத்தா நிறுத்தச் சொன்னார். மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு, "உன் பேத்தி போய்க் கேட்டால் இந்தத் தாளை அவளுக்குக் கொடுக்கக் கூடாது கண்ணு" என்றார்.

எழுத்துக் கூட்டத் தெரியாத அந்தக் கிழவருக்குப் புரிந்தது, இத்தனை பட்டம் வாங்கிய எதிரணிக்குப் புரியவில்லையே! தீர்ப்பைச் சொல்லுங்கள் ஐயா.