மீட்டர் பூஜ்யம் காட்டியது. பிறகு தானாக ஏறியது! கெப்பாசிட்டர் பேங்கை ஏற்றுவதும் இறக்குவதும்

(திரையில் மல்டிமீட்டர் மட்டும், மிக அருகில்.)

இந்த மீட்டர் இப்போது 0.1 வோல்ட் காட்டுகிறது. 400 வோல்ட் வரை ஏற்றியிருந்த கெப்பாசிட்டர் பேங்கை, அதாவது பல மின்தேக்கிகளைச் சேர்த்த தொகுதியை, ஒரு மின்தடை வழியாக முழுவதும் இறக்கி, இரண்டு முனைகளையும் கம்பியால் சில நொடிகள் இணைத்து வைத்துவிட்டுப் பிறகு கம்பியை எடுத்திருக்கிறேன். எந்த மின் இணைப்பும் இதற்கு இல்லை. எண்ணை மட்டும் கவனியுங்கள்: 3, 8, 14. ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் 27 வோல்ட். இது எங்கிருந்து வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்காக வீடியோவைத் தள்ளிவிட்டுக் கடைசிக்குப் போய்விடாதீர்கள். நடுவில் ஓர் இட்லிக் கணக்கு இருக்கிறது.

வரலாறு ஒரே வாக்கியம்தான்: 1745–46 வாக்கில் பால்டிக் கடலோரப் பொமரேனியாவில் வான் கிளைஸ்டும் நெதர்லாந்தின் லைடன் நகரில் முஸன்புரூக்கும் தனித்தனியே கண்டடைந்த கண்ணாடி ஜாடிதான் மின்தேக்கிகளின் மூத்த பாட்டி, அப்படிப்பட்ட ஜாடிகளை வரிசையாக இணைத்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அந்தத் தொகுதிக்கு 'பேட்டரி' என்று பெயர் வைத்தார்.

(திரையில் பத்து உருளைகள், இரண்டு செம்புப் பட்டைகள்.)

என் மேசையில் இருப்பது 450 வோல்ட், 1000 மைக்ரோ ஃபாரட் கொள்ளளவு கொண்ட மின்தேக்கிகள் பத்து. பக்க இணைப்பில் மொத்தம் 10,000 மைக்ரோ ஃபாரட். கொள்ளளவில் பாதியை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல் கிடைத்துவிடும். 400 வோல்ட்டில் அது 800 ஜூல். வர்க்கம் என்பதால், 200 வோல்ட்டுக்கு இறங்கியதும் மீதி இருப்பது பாதியன்று, வெறும் 200 ஜூல்.

இனி இட்லிக் கணக்கு. நடுத்தர அளவு இட்லி ஒன்றில் ஏறத்தாழ 40 கிலோ கலோரி, அதாவது சுமார் 1,67,000 ஜூல் இருக்கிறது. இந்தப் பேங்கை இருநூறு முறை நிரப்பினாலும் அந்த ஓர் இட்லிக்கு ஈடாகாது. சட்னியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அப்படியானால் இட்லியைப் பார்த்து ஏன் யாரும் பயப்படுவதில்லை? உடம்பு அந்த ஆற்றலை மணிக்கணக்கில் நிதானமாகச் செலவழிக்கிறது. இந்தப் பேங்கோ தன்னிடம் உள்ளதை ஒரு மில்லி செகண்டில் கொட்டிவிடக்கூடியது. அந்த ஆயிரத்தில் ஒரு நொடிக்கு அதன் சராசரித் திறன் 8 லட்சம் வாட், அதாவது ஒரு டன் ஏசி சுமார் 800 ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம். நின்றுபோகும் நிலையில் இருக்கும் இதயத்துக்கு மருத்துவர்கள் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் அதிர்ச்சியே வழக்கமாக 360 ஜூலைத் தாண்டுவதில்லை என்பதையும் இதனுடன் வைத்துப் பாருங்கள்.

ஏற்றும் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த விநோதம் ஒன்று உண்டு. மாறாத 400 வோல்ட் மூலத்திலிருந்து ஒரு மின்தடை வழியாக இதை ஏற்றினால், பேங்குக்குள் 800 ஜூல் சேரும்போது இன்னொரு 800 ஜூல் வெப்பமாகப் போயிருக்கும். பெரிய மின்தடை போட்டால் இழப்பு குறையும் என்று முதலில் நானும் நம்பினேன். 1 கிலோ ஓம் போட்டாலும் 10 கிலோ ஓம் போட்டாலும் நேரம்தான் மாறுகிறதே தவிர, பாதி பாதியாகவே போகிறது. தொடக்கத்தில் பேங்கின் மின்னழுத்தம் பூஜ்யம் என்பதால் மூலத்தின் 400 வோல்ட்டும் மின்தடையின் தலையில்தான் விழுகிறது. மின்தேக்கி நிரம்ப நிரம்ப அந்தச் சுமை குறைகிறது. கூட்டிப் பார்த்தால் இரண்டு பங்கும் சமம். கேமரா ஃபிளாஷின் சுற்று இந்த வரியைக் கட்டுவதில்லை. சிறிய மின்மாற்றி வழியாகச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக ஆற்றலை அனுப்பித் தப்பித்துவிடுகிறது. இழப்பு ஏன் மின்தடையின் அளவைப் பொறுத்ததில்லை என்பதை ஒரே வரியில் விளக்க முடிந்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள். சிறந்ததை அடுத்த வீடியோவில் படிக்கிறேன்.

(திரையில் நுனி உருகிய ஸ்க்ரூடிரைவர்.)

இறக்குவதற்கு ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைப்பவர்களுக்காகவே இதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். நுனியில் இருந்த எஃகு சிறு மணிகளாக உருகித் தெறித்திருக்கிறது. அன்று கண்ணாடி அணிந்திருந்தது என் அதிர்ஷ்டம்.

1 கிலோ ஓம், 100 வாட் கம்பிச்சுற்று மின்தடையை இணைத்தால் முதல் கணத்தில் 0.4 ஆம்பியர் ஓடும். 21 நொடிகளில் 50 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். பழைய டிவி மெக்கானிக்குகளின் வழி இன்னும் அழகானது: குண்டு பல்பு. நானூறு வோல்ட்டுக்கு 230 வோல்ட், 100 வாட் பல்புகள் இரண்டைத் தொடராக இணைக்க வேண்டும். பளீரென்று எரிந்து, மஞ்சளாகி, சிவந்து, இழை கரியாக இருளும். அந்த நொடியில்தான் ஆபத்து, ஏனெனில் பல்பு இருண்ட தருணத்திலும் சில பத்து வோல்ட்டுகள் உள்ளே இருக்கும். மீட்டரைப் பார்க்காமல் கையை நீட்டாதீர்கள். நிரந்தரமாகப் பொருத்தியிருக்கும் 47 கிலோ ஓம் இறக்குத் தடையை நம்பியும் நீட்டாதீர்கள். பேங்கை 50 வோல்ட்டுக்கு இறக்க அது 16 நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

சரி, அந்த 27 வோல்ட். மின்தேக்கியின் தகடுகளுக்கு நடுவில் உள்ள மின்காப்புப் பொருளும் நீண்ட நேர மின்னழுத்தத்தில் ஓரளவு முனைவாக்கம் பெற்றுவிடுகிறது, அதாவது அதன் மூலக்கூறுகள் மின்புலத்தின் திசைக்குத் திரும்பி நின்றுவிடுகின்றன. கம்பியை வைத்தவுடன் தகடுகள் உடனே காலியாகிவிடும். மின்காப்புக்குள் திரும்பி நின்ற மூலக்கூறுகளோ மெதுவாகத்தான் பழைய நிலைக்கு வருகின்றன. கம்பியை எடுத்த பிறகும் அவை திரும்பிக்கொண்டே இருப்பதால் தகடுகளில் மீண்டும் மின்னழுத்தம் தோன்றுகிறது. இந்தப் பேங்கில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் வகை மின்தேக்கிகளில் இது முதலில் ஏற்றிய அளவில் 10 சதவீதம் வரைகூடப் போகலாம் என்பதால், 27 வோல்ட் அதிசயமே அன்று.

(திரையில் முனைகளைச் சேர்த்துக் கட்டிய கம்பி, மீட்டரில் 0.0.)

பெரிய உயர் அழுத்த மின்தேக்கிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே முனைகளுக்கு நடுவில் ஒரு கம்பி கட்டப்பட்டு வருவது இதனால்தான். மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகு நானும் அப்படியே கட்டி, மறுமுறை ஏற்றும் வரை அவிழ்ப்பதில்லை.