சந்தேகங்களுக்கு விளக்கம்: சுவரும் கூலியும்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக என்னை விடவில்லை. நம் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "எங்கள் சங்க மண்டபத்தின் வெளிச்சுவர் சும்மா கிடக்கிறது. நம் பகுதியில் நன்றாகப் படம் வரைகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களை வைத்து வரையலாம் என்றேன். கமிட்டியில் ஒருவர், 'சுவர் கொடுக்கிறோம், பெயர் கிடைக்கும், காசு எதற்கு?' என்கிறார். நான் என்ன பதில் சொல்வது?"

அம்மா, அந்தக் கமிட்டிக்காரர் தன் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி போடுகிறவரிடம் "உனக்குப் பெயர் கிடைக்கும்" என்று சொல்லிப் பார்க்கட்டும். அண்டாவைத் தூக்கிக்கொண்டு போயே விடுவார்.

கோயில் கட்டிய கைகளைப் பற்றி நான் முன்பே பேசியிருக்கிறேன், கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் இந்தத் தென்னாப்பிரிக்காவின் கரும்புத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு வந்த சனம், கையில் காசு சேர்ந்ததும் கோயில் கட்டியது. மவுண்ட் எட்ஜ்கோம்ப் பிள்ளையார் கோயிலைக் கட்டியவர் கிஸ்டப்பா ரெட்டி. இன்னொருவர் கொத்தனார் ராமசாமி பிள்ளை. அவர் செய்த தொழில் அவர் பெயரிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள். உள்ளூர்க் கலைஞருக்கு நாம் கொடுத்த முதல் ஆதரவு கோயில்தான். கைதட்டி அனுப்பிவிடவில்லை, வேலை கொடுத்தோம்.

அதோடும் விடவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் என்று ஒரு கணக்கு இருக்கிறதே, அது சாமிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கோபுரத்துப் பொம்மைக்கு மூக்கு உடைந்திருக்கும், வர்ணம் வெளுத்திருக்கும். சுதை வேலை தெரிந்தவரைத் திரும்பக் கூப்பிட்டே ஆக வேண்டும். அவர் பிள்ளையும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளும். ஆகவே அம்மா, "காசு கொடுக்கலாமா" என்று கேட்டதைவிட, "பத்து வருஷம் கழித்து அந்தப் படத்தை யார் பார்த்துக்கொள்வார்கள்" என்று நீங்கள் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் தமிழ் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தில், பூசி ஒரு வாரம்கூட ஆகாத சுவரில் பிள்ளைகளை விட்டு மயில் வரையச் சொன்னேன். யோசனை முழுக்க என்னுடையதுதான். புதுப் பூச்சு காய ஒரு மாதமாவது ஆகும் என்பது எனக்குத் தெரியாது. அடுத்த மழைக்காலத்தில் தோகை தோகையாக உதிர்ந்தது. அப்புறம் இன்னொன்று: நாம் பூமியின் தென்பாதியில் இருப்பதால், நம் ஊரில் வெயில் விழுவது வடக்குச் சுவரில். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு வேலைக்காரர் பழக்க தோஷத்தில் தெற்குச் சுவரை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். இங்கே அதுதான் நிழல் சுவர்! வடக்குச் சுவர்தான் வேண்டும் என்றால் காவி, செம்மண் மாதிரி நிறங்கள் தாங்கும். பளபளக்கிற சிவப்பும் மஞ்சளும் முதலில் ஓடிவிடும். கடற்காற்றின் உப்பு வேறு.

எதை வரைவது என்பதை அக்கம்பக்கத்தாரிடமும் கேளுங்கள். யானைக் கதை உங்களுக்கெல்லாம் தெரியும். டர்பன் சந்தைகள் இருக்கிற வார்விக் பக்கம் ஆண்ட்ரீஸ் போத்தா என்ற சிற்பி கம்பியும் கல்லுமாக மூன்று யானைகள் செய்துகொண்டிருந்தார். மாநகராட்சியே கொடுத்த வேலை. போட்டிக் கட்சியான இன்காத்தாவின் சின்னத்தில் இருக்கிற யானை போல இருக்கிறது என்று ஆளுங்கட்சியில் முகம் சுளித்தார்கள். 2010இல் வேலை பாதியில் நின்றது. நமக்கு யானை என்றால் பிள்ளையார், அவர்களுக்குத் தேர்தல். அதே வார்விக்கில் 2014இல் ஃபெய்த் 47 என்கிற ஓவியர் பாலத்துத் தூண்களில் சந்தை வியாபாரிகளின் முகங்களையே பெரிது பெரிதாக வரைந்தார். அந்தப் பக்கம் போனால் கொஞ்சம் நின்று பாருங்கள்.

காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: முன்பணம் எவ்வளவு, பாதியில் எவ்வளவு, முடிந்ததும் எவ்வளவு, பெயிண்டும் சாரமும் யார் செலவு. வேலை நம்மால் நின்றுபோனால் செய்த வரைக்கும் கூலி உண்டு என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள்.

இன்னும் ஒன்று. மண்டபத்தின் பின்னால் பழைய நாற்காலி அடுக்கிவைத்த ஒரு அறை இல்லாத சங்கம் டர்பனிலேயே கிடையாது. அதைக் காலி செய்து அந்தப் பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் கொடுத்துப் பாருங்கள். துறைமுகத்துப் பக்கம் 1995இல் தொடங்கிய பேட் சென்டர் என்ற கலை மையத்தில் கலைஞர்கள் உட்கார்ந்து வேலை செய்ய இடம் இருக்கிறது, பார்க்க வருகிறவர்கள் அங்கேயே வாங்கவும் செய்கிறார்கள். நம்மால் அவ்வளவு பெரிதாக முடியாது, சரி. ஒரு மேசை, ஒரு குழாய், பூட்டுச் சாவி போதும். அந்தச் சாவியைக் கமிட்டிக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருந்தால் சரி.

ஆமாம் அம்மா, உங்கள் சுவர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லவே இல்லையே? அதை எழுதி அனுப்புங்கள். அடுத்து, ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி உறுமி மேளத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.