ஊரில் வேலை உண்டு, குடியிருக்க வீடு இல்லை

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

கிராமத்து வீட்டுப் பிரச்சினை என்று பேச்செடுத்தாலே எல்லோருக்கும் மனக்கண்ணில் ஒரே காட்சிதான் வருகிறது. ஒழுகும் கூரை, இடியும் சுவர், அதற்குப் பதிலாக அரசு கட்டித்தரும் கான்கிரீட் வீடு. அந்தக் காட்சி பொய்யில்லை, ஆனால் அது பாதிதான். மறுபாதியில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்த செவிலியர், ஊரில் வாடகைக்கு ஒரு வீடும் கிடைக்காமல் தினமும் நகரத்திலிருந்து பஸ் ஏறி வந்துபோகிறார். கல்யாணமான இளம் தம்பதி பெற்றோர் வீட்டு முன்னறையில் திரை கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிறார்கள். கணவனை இழந்த மூதாட்டி ஆறு அறை வீட்டில் தனியே கிடக்கிறார். மாடிக்கு ஏறிப் பல வருஷம் ஆகிவிட்டது. அறுவடைக்கு வந்த கூலித் தொழிலாளி களத்துமேட்டில் தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொள்கிறார். இந்த நால்வருக்கும் தேவை வீடுதான். ஆனால் நால்வருக்கும் ஒரே வீடு ஒத்துவராது.

நான் சொல்ல வந்தது இதுதான். ஓர் ஊரில் யார் உழைக்கிறார்களோ, யார் முதுமை அடைகிறார்களோ, அவர்கள் அந்த ஊரிலேயே குடியிருக்க முடிய வேண்டும். அதற்குப் பலவகை வீடுகள் வேண்டும். அந்த வீடுகளுக்கு அடியில் உள்ள நிலம் விலைப்போட்டியில் சிக்காமல் இருக்க வேண்டும்.

கிராமத்தில் நிலம் மலிவு, ஆகவே வீடும் மலிவு என்று நகரத்தார் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நகரத்தில் ஒரு கட்டடக்காரர் நூறு வீடுகளைச் சேர்த்துக் கட்டுகிறார். கம்பி, சிமெண்ட், கதவு எல்லாவற்றையும் மொத்த விலைக்கு எடுக்கிறார். குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் தெருவிலேயே ஓடுகின்றன, இணைத்தால் போதும். கிராமத்தில் கட்டுவது நான்கு வீடு. பொருளைத் தொலைதூரத்திலிருந்து லாரியில் ஏற்றிவர வேண்டும். வயரிங் செய்பவரும் குழாய் வேலைக்காரரும் வெளியூரிலிருந்து வர வேண்டும். கழிவுநீர்க் குழாய் இல்லாததால் ஒவ்வொரு வீட்டுக்கும் செப்டிக் டேங்க் தோண்ட வேண்டும். மண் நீரை உறிஞ்சாத இடமாக இருந்தால் அதற்கே பெருந்தொகை போய்விடும். இத்தனையும் சேர்ந்து, நிலத்தில் மிச்சப்பட்ட பணத்தை விழுங்கிவிடுகின்றன.

அதோடு முடிவதில்லை. இயற்கை எழில் நிறைந்த ஊராக இருந்தால், விடுமுறைக்கு மட்டும் வந்துபோகும் வசதி படைத்தவர்கள் அங்கே இரண்டாவது வீடு வாங்குகிறார்கள். வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் அந்த வீடு, ஊரில் உழைப்பவரின் சம்பளத்துக்கு எட்டாத உயரத்துக்கு மனை விலையை ஏற்றிவிடுகிறது. இதைத் தடுக்க உள்ளூர் அமைப்புகளுக்கு அதிகாரம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பூட்டிய வீட்டுக்குக் கூடுதல் வரி போடுவது நியாயம்தான்.

கடன் விஷயத்துக்கு வருவோம். வங்கி மாதச் சம்பளத்தைக் கேட்கிறது. விவசாயியின் கைக்குப் பணம் விளைச்சல் வந்தபிறகுதான் வருகிறது. நிலத்துக்குத் தெளிவான பத்திரம் கேட்கிறது. தாத்தா பெயரில் இருக்கும் நிலத்துக்குப் பேரன்மார் பன்னிரண்டு பேர். இவற்றைவிட விசித்திரமான ஒரு தடையும் உண்டு. வீடு மிகவும் மலிவாக இருந்தால் கடன் கிடைப்பதே கடினம்! சிறு கடனுக்கும் பெருங்கடனுக்கும் காகித வேலை ஒன்றுதான். சிறு கடனில் வங்கிக்கு லாபம் போதவில்லை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹேல் மாவட்டம் என்ற ஏழ்மையான பகுதி இருக்கிறது. ஆபர்ன் பல்கலைக்கழகக் கட்டடக்கலை ஆசிரியர்கள் சாமுவேல் மாக்பியும் டி. கே. ரூத்தும் 1993இல் அங்கே ‘ரூரல் ஸ்டுடியோ’ என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார்கள். மாணவர்கள் அங்கேயே தங்கி, அந்தப் பகுதி மக்களுக்கு வீடு கட்டிப் பழகினார்கள். 2005இல் அவர்கள் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். ஓய்வூதியம் ஒன்றையே நம்பி வாழும் ஒருவரால் எவ்வளவு அடமானக் கடனைத் தாங்க முடியும்? 20,000 டாலர் என்று விடை வந்தது. பொருளும் கூலியும் அந்தத் தொகைக்குள் அடங்கும் வீட்டை வரைவதே மாணவர்களின் வேலை என்று ஆயிற்று. வழக்கமாக வரைபடம் முதலில் வரும், விலை பிறகு வரும். இவர்கள் வாங்குபவரின் வருமானத்திலிருந்து தொடங்கினார்கள். அந்தத் தொகை இன்றைய விலைவாசிக்குப் போதாது, ஆனால் அந்தக் கேள்வியை எந்த ஊரிலும் எந்த ஆண்டிலும் கேட்கலாம்.

இனி வீட்டு வகைகளைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச அனுமதியுங்கள். என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான்.

கிராமப்புற வீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ஒரு குடும்பம், ஒரு மனை, ஒரு சொந்த வீடு. இந்தியாவின் ஊரக வீட்டுத் திட்டம் 2016இல் திருத்தி அமைக்கப்பட்டபோது வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு 20 சதுர மீட்டரிலிருந்து 25 சதுர மீட்டராக உயர்ந்தது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் சொந்த மனை இல்லாதவர் அந்த வீட்டை எங்கே கட்டுவார்? இரண்டு ஆண்டு மட்டுமே ஊரில் வேலை பார்க்கப்போகும் ஆசிரியருக்கு அது எப்படி உதவும்? வாடகை வீடு என்றால் நகரத்துச் சமாச்சாரம் என்று நாம் ஒதுக்கிவிட்டோம். அதன் விளைவாக ஆசிரியர் வருகிறார், தங்குவதில்லை. தங்காதவர் மாலையில் பிள்ளைகளோடு பேச மாட்டார். ஊர்க்கூட்டத்துக்கும் வர மாட்டார். மருத்துவருக்கும் இதே கதைதான்.

முதியவர்களைப் பாருங்கள். ஆறு அறை வீட்டு மூதாட்டியைச் சொன்னேன் அல்லவா? அவருக்கு அந்த வீட்டின் மீது பிடிவாதம் என்று ஊர் பேசும். பிடிவாதம் எல்லாம் இல்லை. அவர் போவதற்கு ஊரில் வேறு வீடு இல்லை. ஊரை விட்டுப் போக அவருக்கு மனமில்லை, ஏன் போக வேண்டும்? கடைக்கும் மருந்துக்கும் நடந்துபோகும் தூரத்தில், படியில்லாத வாசல், சக்கர நாற்காலி நுழையும் அகலமான கதவு, கைப்பிடி பொருத்திய குளியலறை என்று ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்றைக் கட்டுங்கள். அவர் அங்கே மாறினால் அந்தப் பெரிய வீடு மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குக் கிடைக்கும். அந்தக் குடும்பம் விட்டுச்செல்லும் இரண்டறை வீட்டுக்குத் திரை கட்டி வாழும் இளம் தம்பதி வருவார்கள். கட்டியது ஒரு சின்ன வீடு; மூன்று குடும்பங்களுக்கு நிம்மதி. பெரிய வீடுகளை மட்டுமே கட்டிக்கொண்டிருந்தால் இந்த நகர்வு தொடங்கவே தொடங்காது.

பழைய வீட்டின் கொல்லைப்புறத்தில் ஒரு சிறு வீடு கட்ட அனுமதி கொடுத்தாலே பாதிச் சிக்கல் தீரும் ஊர்கள் உண்டு. இவ்வளவு பரப்பளவுக்குக் குறைந்த மனையில் கட்டக்கூடாது, ஒரு மனையில் ஒரு வீடுதான் என்று விதி எழுதிவைத்திருக்கும் இடங்களில், ஏழைகள் வரக்கூடாது என்று நேராக எழுதாமலே எழுதிவிடுகிறார்கள். இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

அடுத்து நிலம். 1951 ஏப்ரல் 18ஆம் நாள், தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் நிலமற்ற தலித் மக்கள் வினோபா பாவேயிடம் 80 ஏக்கர் நிலம் வேண்டும் என்று கேட்டார்கள். கூட்டத்திலிருந்த வேதிரே ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தருவதாக எழுந்து சொன்னார். நிலமற்றவர்களுக்காக நிலத்தைத் தானமாகக் கேட்டு வாங்கும் பூதான இயக்கம் அப்படிப் பிறந்தது. ஆனால் தனித்தனி ஏழைகளுக்குக் கொடுத்த நிலம் பல இடங்களில் கடனுக்கும் விற்பனைக்கும் இரையாகிக் கைமாறிப் போயிற்று. அதனால்தான் ஊர் முழுவதற்குமாக நிலத்தை வைத்திருக்கும் கிராமதானம் என்ற சிந்தனை வந்தது. அந்தச் சிந்தனை கடல் கடந்து போனது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய ஸ்லேட்டர் கிங், சார்லஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட் போன்றவர்கள் ராபர்ட் ஸ்வானுடன் சேர்ந்து 1969இல் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வாக்குரிமை கேட்டதற்காகக் குத்தகை நிலத்திலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்களுக்கு, யாரும் துரத்த முடியாத நிலம் வேண்டும் என்பதே நோக்கம். 5,000 ஏக்கருக்கும் மேல் வாங்கினார்கள். வறட்சி வந்தபோது அரசின் அவசரக் கடன் உரிய நேரத்தில் மறுக்கப்பட்டது. 1985இல் நிலம் பறிபோனது. பாகுபாடு நடந்தது என்பது ஏற்கப்பட்டு 2009இல் இழப்பீடு கிடைத்தது. நிலம் போனாலும் அவர்கள் வகுத்த ‘சமூக நில அறக்கட்டளை’ என்ற முறை பல நாடுகளுக்குப் பரவிவிட்டது.

அதன் செயல்பாடு எளிமையானது. நிலம் ஊர் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். குடும்பம் வீட்டை மட்டும் வாங்கும். நிலத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை. நிலத்தின் விலை சேராததால் வீடு கைக்கு எட்டும். பிற்பாடு விற்க நினைத்தால், போட்ட பணமும் அவர்கள் செய்த மேம்பாட்டின் மதிப்பும் விலையேற்றத்தில் ஒரு பங்கும் கிடைக்கும். மீதி விலையேற்றம் அடுத்து வரும் குடும்பத்துக்குச் சலுகையாக வீட்டிலேயே தங்கிவிடும். மானியத்தை ஒரு முறை கொடுத்தால் அது தலைமுறை தாண்டியும் உழைக்கும். வழக்கமான திட்டங்களில், பயனாளி வீட்டைச் சந்தை விலைக்கு விற்ற அன்றே மானியம் கரைந்துவிடுகிறது.

ஸ்காட்லாந்தின் எய்க் தீவு மக்கள் 1997இல் தங்கள் தீவையே பொதுமக்களின் நன்கொடையால் வாங்கினார்கள். அதுவரை உறுதியான குத்தகை இல்லாமல் உரிமையாளரின் மனம்போனபடி வாழ்ந்தவர்கள் அவர்கள். அப்போது அறுபத்துச் சொச்சமாக இருந்த மக்கள்தொகை பின்னர் நூறைத் தாண்டியது. போன பிள்ளைகள் சிலர் திரும்பி வந்து வீடு கட்டினார்கள். 2003இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், ஊரக நிலம் விற்பனைக்கு வரும்போது அங்கு வாழும் மக்கள் முதலில் வாங்கும் உரிமையைச் சட்டமாக்கியது.

காலியாகக் கிடக்கும் வீடுகளையும் மறக்கக் கூடாது. ஜப்பானில் 2023 கணக்கெடுப்பின்படி சுமார் 90 லட்சம் வீடுகள் காலி. வீடு நிற்கும் மனைக்கு நிலவரி குறைவு என்பதால், பாழடைந்தாலும் இடிக்காமல் விட்டுவைக்கிறார்கள். வரிச் சட்டத்தில் எழுதிய ஒரு வரி, ஊரையே பாழாக்கும்.

கட்டும் முறையில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் நமக்கு வழி காட்டிவிட்டுப் போயிருக்கிறார். இங்கிலாந்தில் 1917இல் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து மறைந்தவர். செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையை அவர் பரப்பினார். ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சம். நடுவிலுள்ள காற்று வெயிலையும் தடுக்கும். பூசாத சுவராகவே விட்டால் அந்தச் செலவும் இல்லை. உள்ளூர்க் கொத்தனார் சில நாளில் கற்றுக்கொள்வார், கூலியும் ஊரிலேயே தங்கும்.

ஆனால் நல்ல கட்டடக்கலை மட்டும் போதாது. எகிப்தின் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தி, 1940களில் நியூ குர்னா என்ற ஊரை மண் செங்கல்லால் அழகாகக் கட்டினார். பழைய ஊர்க்காரர்கள் பெரும்பாலோர் குடியேற மறுத்துவிட்டார்கள். தங்கள் பிழைப்பு இருந்த இடத்தைவிட்டு வரச் சொன்னால் எப்படி வருவார்கள்? கலிபோர்னியாவின் பண்ணைத் தொழிலாளர்களிடையே 1960களில் தொடங்கிய சுயஉதவி முறையில் நிலைமை வேறு. சில குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, மாலையிலும் வார இறுதியிலும் எல்லோருடைய வீட்டையும் எல்லோரும் கட்டுவார்கள். கடைசி வீடு முடியும்வரை யாரும் குடியேறுவதில்லை. குடியேறும் நாளில் அவர்கள் ஏற்கெனவே அண்டை வீட்டார் ஆகிவிட்டிருப்பார்கள்.

வாடகை வீடு கட்டினால் கண்டவர்கள் வருவார்கள், ஊரின் அமைதி கெடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வரப்போகிறவர் உங்கள் பேத்திக்குப் பாடம் சொல்பவர், உங்கள் தந்தைக்கு ஊசி போடுபவர், உங்கள் விளைச்சலை அறுப்பவர். அவர்களின் உழைப்பு வேண்டும், அவர்கள் வேண்டாம் என்பது என்ன நியாயம்? அதோடு, பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் பள்ளி மூடப்படும். பள்ளி மூடிய ஊருக்கு எந்த இளம் குடும்பமும் வராது.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் மூன்று கணக்குகளைக் கேளுங்கள். ஊரில் வேலை பார்த்தும் ஊரில் வசிக்காதவர்கள் எத்தனை பேர்? பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை, ஒவ்வொன்றும் ஏன் பூட்டிக் கிடக்கிறது? உள்ளாட்சியின் கையில் இருக்கும் நிலம் எங்கெங்கே? அந்த நிலத்தை விற்கும் தீர்மானம் வந்தால் எழுந்து நின்று எதிர்த்துப் பேசுங்கள். நீண்ட காலக் குத்தகைக்கு விடச் சொல்லி மாற்றுத் தீர்மானம் கொண்டுவாருங்கள். குத்தகைப் பத்திரத்தில் என்னென்ன நிபந்தனைகள் இருக்க வேண்டும், வீட்டை மறுவிற்பனை செய்யும்போது விலையை எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதில் ஐயம் இருப்பவர்கள் இப்போதே கேளுங்கள்.